செல்லத்தாய் குனிந்த நாள்

கீழே விழுந்த பனியனைச் செல்லத்தாய் அக்கா குனிந்து எடுக்கமாட்டார். செருப்பைக் கழற்றுவார். வலது காலின் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே துணியின் ஓரத்தைக் கவ்வி, முழங்காலை மடக்கித் தூக்கி, முதுகு வளையாமல் கையில் வாங்கிக்கொள்வார். அருள்புரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் டேபிள். பக்கத்து டேபிளில் எனக்கு மடிப்பு வேலை.

சூப்பர்வைசர் சசிகுமாருக்கு இது பொறுக்காது. மரியாதை குறையாமல்தான் குத்துவார்.

“ஏனுங்கக்கா, குனிஞ்சா கிரீடம் உழுந்துருமுங்களா?”

“ஆமா சார். நீங்க எடுத்துத் தலையில வச்சிக்கிட்டா?” என்பார் அக்கா. சாத்தூர்ப் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

குனிந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். தலை பிளக்கும். சேலை நனைய வேர்க்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிரஷர் சரியாக இருக்கும். வெறும் பதற்றம் என்று மாத்திரை எழுதி அனுப்பினார்கள். “குனிஞ்சாத்தான் வருது” என்று ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லியிருக்கிறார். ஒருவர் காதிலும் ஏறவில்லை. வெள்ளைப் பனியனில் வேர்வைக் கறை பட்டது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. இன்னொரு தடவை பட்டால் வேலை கிடையாது என்று சசிகுமார் சொல்லிவிட்டார்.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாதான் தன் எதிரிலேயே குனியச் சொல்லிப் பிரஷர் பார்த்தார். எகிறியது. ஸ்கேனில், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி. புற்று இல்லை. ஆனால் அக்கா குனிந்து வயிறு அழுந்தும்போதெல்லாம், பிரஷரை ஏற்றும் சுரப்பை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் மாத்திரை கொடுத்துப் பிரஷரை அடக்கினார்கள். பிறகு வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டு, கட்டியைச் சுரப்பியோடு எடுத்தார்கள்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்றுதான் அடுத்த கேவலம். துணி தைக்கிற ஊரில் ஆபரேஷனையும் தையலின் நீளத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஓவர்லாக் மெஷின் மூக்கம்மாள் காயத்தைப் பார்த்துவிட்டு வந்து ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“நாலே நாலு பொட்டு. இதுக்கா இத்தனை நாள் லீவு?”

“கட்டிய எடுத்தாங்களா, காது குத்தி உட்டாங்களா?” என்றார் சசிகுமார். சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பண்டலை அக்காவின் காலடியில் போட்டார். “இப்ப குனியலாமுங்களே?”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா அவரையே பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை. குனிந்தார். பண்டலைத் தூக்கி டேபிளில் வைத்தார். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

“பாத்தீங்களா, எல்லாம் மனசுதானுங்க” என்று சசிகுமார் நகர்ந்தார். அக்கா ஜெயித்துவிட்டதாகவே நான் நினைத்தேன்.

பல நாள் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் பொன்னுச்சாமியை டீக்கடையில் பார்த்தேன். காயம் உள்ளே ஆறும்வரை ஒரு மாதம் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாராம். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வாரமே அக்கா டேபிளுக்கு வந்து நின்றதற்குக் காரணம், அதற்கு முந்தின நாள் சசிகுமாரிடமிருந்து வந்த ஒரு போன். “மெதுவா வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்லீங்க. வேற ஆள் பாத்தாச்சுங்க.”