பேத்தியின் பாட்டுக்கு நடுவே விழுந்தேன்

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

என் பேத்தி பவானி கிதாரை அடித்துக்கொண்டே கத்திப் பாடுகிறவள். பங்க் ராக்காம். "அவ கச்சேரியில ஒரே அடிதடிம்மா. நீயே போய்ப் பாரு. நீ வேணான்னு சொன்னா, கிதார் இன்னியோட சரி," என்றான் என் மகன். மெட்டுகுடாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கச்சேரிக்குப் போனேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.

பவானி பாட ஆரம்பித்ததும் மேடைக்குக் கீழே பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். சண்டை என்று நினைத்து விலக்கிவிட உள்ளே புகுந்தேன். ஒரே இடி, விழுந்துவிட்டேன். சட்டென்று அத்தனை பேரும் நின்றார்கள். பாட்டும் நின்றது. மூக்கில் வளையம் போட்டவன் ஒருவன் என்னைத் தூக்கி நிறுத்தி, செருப்பையும் தேடிக் கொடுத்தான்.

"பரேஷான் ஆவாத ஆயா, பயப்படாத. இது சண்ட இல்ல, ஆட்டம். யாரு விழுந்தாலும் உடனே தூக்கணும், அதான் இங்க ரூலு," என்றாள் பவானி, மைக்கிலேயே.

"அப்ப ஏன்டி நிறுத்துன? பாடு," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான், "அடிதடிதானேம்மா?"

"இடிக்கிறாங்கதான். அவ பாடட்டும்டா."

ரயிலிலும் கல்யாணப் பந்தியிலும் எத்தனையோ இடிபட்டவள் நான். இடித்தவர்களே நின்று தூக்கிவிட்டது அங்கேதான்.