ஒரே வீடு, ஒரே ஆய்வகம், இரண்டு குடுவைகள்

பெரியவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ரத்தப்புற்று செல்கள் கைகட்டி வரிசையில் நிற்கும். சரி, நிற்காது, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது. ஆனால் குழந்தைகளுக்கு வரும் ரத்தப்புற்று, சிகிச்சையில் அடங்கியபின் மறுபடி ஏன் தலைதூக்குகிறது என்று துருவித் துருவிப் பார்ப்பதில் அவளை அடிக்க அந்த ஆய்வகத்தில் ஆளில்லை. படிப்பு முடித்த கையோடு நுழைந்தவள். முதல் நரை விழுந்ததும் அதே ஜன்னலோர மேசையில்தான். தன்னை மிஞ்ச ஆளில்லை என்றே அவளும் நினைத்திருந்தாள், கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும்வரை.

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தது அதே ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணை. சாப்பாட்டு மேசையிலும் ஓரகத்தி, வேலை மேசையிலும் ஓரகத்தி! சின்னவள் சமைத்தால் மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். சின்னவள் வாய் திறந்தால் டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பார். பெரியவள் பேசும்போது அந்தக் கண்ணாடி கழன்றதே இல்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்போது ஒரு புது மருந்து வந்தது. நோய் திரும்பி வந்த ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வளர்த்து, மருந்தை விட்டுப் பார்க்க வேண்டும். ஒருத்தர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்று டைரக்டர் அந்தச் செல்களை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். செல்கள் செத்தால் மருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சின்னவள் குடுவையில் செல்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்தன. பெரியவள் குடுவையிலோ கொழுகொழுவென்று பெருகின.

“அக்கா, உங்க குடுவையை ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்றாள் சின்னவள்.

“எதுக்கு? உன் கண்ணு பட்டு அதுவும் போறதுக்கா?”

“இல்லக்கா, ரொம்ப வேகமா வளருதேன்னு...”

“வளர்த்த கை அப்படி. நீ உன்னுதைப் பட்டினி போட்டே கொன்னிருப்பே.”

வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியவள் பேருந்து ஜன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள். சின்னவள் குடுவையில் இருப்பது அந்தக் குழந்தையின் செல்லே இல்லை, வேறு ஏதோ நோஞ்சான் செல் கலந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். குடுவையில் வளர்வதைக் குழந்தையின் பழைய ரத்தத்தோடு ஒப்பிட்டு, கைரேகை பார்ப்பதுபோல் அடையாளம் சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு. டைரக்டரிடம் போய்க் கேட்டாள்.

“தாராளமா அனுப்பும்மா. ரெண்டு பேரோடதும் போகட்டும்.”

“என்னுது எதுக்கு சார்? வெட்டி வேலை.”

“ஒண்ணை மட்டும் அனுப்பினா சந்தேகப்பட்ட மாதிரி இருக்கும்ல.”

முடிவைப் பெரியவளுக்குத்தான் தொலைபேசியில் சொன்னார்கள். சின்னவள் குடுவையில் இருந்தது சரியான செல். பெரியவள் குடுவையில்தான் அது மருந்துக்குக்கூட இல்லை. ஆய்வகத்தில் வருஷக்கணக்காக வளர்க்கும், எதற்கும் மசியாத பழைய செல் ஒன்று உள்ளே புகுந்து, குழந்தையின் செல்களை நெருக்கித் தள்ளிவிட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எப்படிப் புகுந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஊட்டநீர் பாட்டில். ஒரு குடுவையை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். சின்னவளுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் சின்னவள் வந்து மேசையைப் பிடிப்பதற்குள் முடித்துவிடும் பதைப்பில், பழைய செல்லையும் புதியதையும் சேர்த்துத் திறந்துவைத்து, ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியிருந்தாள்.

பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரி கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். ஆனால் இரண்டு முடிவும் முட்டிக்கொண்டு நின்றால் மருந்து அலமாரிக்குள் போய்விடும். அந்தக் குழந்தையோ எதிர்க் கட்டிட ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறையாகப் படுத்திருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் பெரியவள் எழுந்தாள். “என் குடுவையில இருந்தது தப்பான செல். என் கையாலதான் கலந்தது. அவ சொன்னதுதான் சரி.” கடைசி வாக்கியத்தைச் சின்னவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

மருந்து அடுத்த கட்டத்துக்குப் போனது. அந்த நிமிஷமே பெரியவளின் பொறாமை பஞ்சாய்ப் பறந்து, இருவரும் கூடப் பிறந்தவர்கள்போல் ஆகிவிட்டார்கள் என்று மாமியாரான நான் கதையை முடிக்கும் நேரத்தில், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியவள் நிமிர்ந்தாள்.

“அத்தை, இஷ்டத்துக்கு அளக்காதீங்க. பொறாமை எங்கேயும் போகல. அந்த மருந்தைப் பத்தி வந்த கட்டுரையில அவ பேரு முதல்ல இருக்கு, என் பேரு மூணாவது. பார்க்கும்போதெல்லாம் இன்னிக்கும் எரியுது.”