வாய்ப்பில்லை என்று எழுதிய வருடம்

காலை ஆறு மணிக்கு, டோரீன் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தபோது செய்தி வந்தது. வாசலில் நின்ற பெண் போலீஸின் காலணிகளில் செவர்ன் ஆற்றுச் சேறு. இரவு வந்த வெள்ளத்தில், ஆற்றங்கரை வீட்டுக் கிழவி மியூரியலைத் தூக்கி வந்து மேட்டில் சேர்த்துவிட்டு, அவளுடைய மருந்துப் பையை எடுக்கத் திரும்பிய கிளைவை ஆறு கொண்டுபோயிருந்தது.

டோரீனின் கணவர் கிளைவ்தான் ஊரின் வெள்ளக் காவலர். சம்பளமில்லாத வேலை. இலையுதிர்காலம்தோறும் வீடு வீடாகப் போடும் அறிக்கையில் ஒரே வரியை எழுதுவார்: ‘வெள்ளம் வருமா என்பதல்ல, எப்போது வரும் என்பதே கேள்வி.’ வருடங்கள் போயின, வெள்ளம் வரவில்லை. மதுக்கடையில் அவருக்கு ‘எப்போது’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் டெரிக்கின் வீட்டை வாங்க வந்தவர்கள் அறிக்கையைப் படித்துவிட்டுப் பின்வாங்கியதும், மதுக்கடையில் வியாழன்தோறும் பந்து உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஸ்கிட்டில்ஸ் ஆட்டக் குழுவிலிருந்து கிளைவை நீக்கினார்கள். வியாழக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

டோரீனுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வருஷமாவது அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதித் தொலையேன். கடைக்குப் போனா என் மூஞ்சியையே யாரும் பாக்கறதில்ல.”

இந்த முறை எழுதினார்: ‘இந்தக் குளிர்காலத்தில் வெள்ளம் வர வாய்ப்பில்லை.’

அந்த வியாழனே டெரிக் அவர் கையில் பந்தைக் கொடுத்தார். “வாய்யா ‘எப்போது’. ஒருவழியா புத்தி வந்துச்சா?”

கிளைவ் சிரித்த முகமாக வீடு வந்தார். டோரீனும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மியூரியலின் வாசலுக்கு வெள்ளத்தடுப்புப் பலகை பொருத்தும் வேலையை அவர் அப்போது பாதி முடித்திருந்தார். மியூரியல்தான் நிறுத்தினாள். “வராதுன்னு நீயே எழுதிட்டியேப்பா. அப்புறம் என்ன அவசரம்? குளிர்ல ஏன் கஷ்டப்படுற, வெயில் வரட்டும்.”

அவரும் கருவிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றார்கள். டெரிக் தணிந்த குரலில்தான் பேசினார். ஆனாலும் டோரீனுக்குக் கேட்டது. “பாவம், நல்ல மனுஷன். ஆனா வராதுன்னு எழுதினது அவன்தானே?”

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். முந்தைய அறிக்கைகளைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்படி எழுதச் சொன்னது யார் என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டோரீன் சொல்லியிருப்பாள்.

மியூரியல் வீட்டு வாசலில் பலகையைச் செருகுவதற்கான இடப்பக்கச் சட்டம் திருகப்பட்டிருக்கிறது. வலப்பக்கச் சட்டம், துளை போட்ட நிலையில், கிளைவின் கொட்டகையில் கிடக்கிறது.