ஜோடியில்லாத கையுறை

கப்பலிலிருந்து கரைக்கு வரும் எந்தப் பொருளையும் சுங்கத்தில் காட்டித் தீர்வை கட்ட வேண்டும். கையுறை, காலுறை வகையறா ஜோடிக் கணக்கில் மதிப்பிடப்படும். விதி அவ்வளவு தெளிவு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் தாய்மாமனுக்குக் கோதுமைக் கப்பலில் வந்த அமெரிக்க மாலுமி கொடுத்ததோ ஒரே ஓர் உறை. இடது கைக்கு, தலையணை கனம். மாமா நேர்மையாகக் காட்டினார். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று விளங்காத அதிகாரி மேலிடத்துக்கு எழுதிவிட்டு, பதில் வரும்வரை நீரே வைத்திரும் என்றார்.

சரக்கு இறங்கும் நேரமெல்லாம் அந்த மாலுமி செய்த பயிற்சியை மாமா கிரேன் மேலிருந்து பார்த்திருந்தார். குதிகாலைத் தூக்கிக் குந்துவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஆடாமல் பந்தைப் பிடிப்பது. பேஸ்பால் என்பது இதுதான் என்று எங்களிடம் அறிவித்தார்.

"வுழுந்தா அவுட்டு. அவ்ளோதான் ஆட்டம். வுழாதவங்களுக்கு இந்த உறை."

எனக்கு அது வேண்டும். அண்ணனுக்கும் வேண்டும். அவன் மாடிச் சுவரில் ஒற்றைக் காலில் நின்று பழகினான். எனக்கு வீட்டு வேலையே சரியாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் போட்டி. கரையோரத் தண்ணீரில் மிதந்த கட்டுமரத்தில் அண்ணன் குந்தினான். அலை வந்தது. புதுச் சட்டையோடு கடலுக்குள் போனான்.

"இன்னா நைனா, மீன் புடிக்கப் பூட்டியா?" என்றார் மாமா.

நான் பாவாடையைச் செருகிக்கொண்டு குந்தினேன். மரம் சாய்ந்தது, நானும் சாய்ந்து நிமிர்ந்தேன். மாமா எறிந்த பந்து உறைக்குள் சப்பென்று விழுந்தது. நான் விழவில்லை.

"இவ மட்டும் எப்டி வுழல?" அண்ணன் உப்புத் தண்ணீரைத் துப்பினான்.

கரையில் நின்ற அம்மா சிரித்தாள். "தெனம் குந்திகினு மீன் ஆயறது யாரு, நீயா? நாளைலேர்ந்து நீ ஆஞ்சி பாரு, தானா வரும்."

மறுநாளே அவன் அரிவாள்மனை முன் குந்திவிட்டான். மறுபோட்டிக்குப் பயிற்சியாம். நான் உறையை மடியில் வைத்துக்கொண்டு, குதிகால் தரையில் படுவதை அவ்வப்போது சுட்டிக்காட்டினேன்.

அந்த ஆட்டத்துக்கு மட்டையும் ஓட்டமும் ஒன்பது பேரும் உண்டு, மாமா கண்டது ஒருவனின் கால் பயிற்சியை மட்டுமே என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால் முழுசாக ஜெயித்தேன்.

சுங்கத்தின் பதிலும் வந்தது. 'மேற்படி உறையை அதன் ஜோடியுடன் நேரில் ஆஜர்படுத்தவும்.' மாமா அதை மாதா கோயில் வாசலில் எல்லாருக்கும் உரக்கப் படித்தார். அது வந்து சேர்ந்த தேதி, என் கல்யாணத் தேதி.