சாய்ந்து நிற்கும் ஸ்ட்ரிப்

கொரட்டூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறது. முன்பு அதில் நீளமான காகிதத் துண்டைச் செருகி, ஒரு விமானத்தின் பெயரையும் உயரத்தையும் எழுதுவோம். ரேடார் அறையில் அதற்கு ஸ்ட்ரிப் என்று பெயர். மகளின் பள்ளி வேன் மூன்றரைக்கு வந்திருக்க வேண்டும். மூன்றே முக்கால் ஆகிறது. சட்டத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

சிறிய விமானங்களுக்குத் தகவல் சொல்வது என் வேலை. எதிரே இன்னொன்று வருகிறது என்று நாங்கள் சொல்வோம். கண்ணால் தேடி விலகுவது விமானியின் பொறுப்பு. சொன்னதும் அவருடைய ஸ்ட்ரிப்பைச் சாய்ப்போம். பார்த்துவிட்டேன் என்று பதில் வந்த பிறகே நேராக்குவோம். இது விதிப்புத்தகத்தில் இல்லை, எங்கள் அறையின் வழக்கம். ஸ்ட்ரிப் எழுதித் தந்த உதவியாளர் அண்ணன் பாரிவாக்கத்துக்காரர். கிண்டல் இல்லாமல் அவருக்கு ஒரு ஷிப்ட் ஓடாது. பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய வாரம், "இன்னா மேடம், உடம்பு இங்க கீது, உசுரு காப்பகத்துலயா?" என்றார். உண்மைதான். அன்றும் லேசான காய்ச்சலோடு இருந்த குழந்தையை அம்பத்தூர்க் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். கைப்பேசியோ வெளியே பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

அன்று ஒரு பயிற்சி விமானம் பறந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே, உயரம் தெரியாத ஒரு புள்ளி திரையில் முளைத்தது. மூன்று மைலில் வருகிறது என்றேன். "தேடுகிறேன்" என்றான் மாணவ விமானி. நான் ஸ்ட்ரிப்பை நேராக்கிவிட்டேன். காய்ச்சல் ஏறியிருக்குமோ என்ற நினைப்பில் என் கை தானாகச் செய்த வேலை அது. அண்ணன் எட்டி, ஒரே விரலால் அதை மறுபடி சாய்த்தார். "தேடறேன்னுதான சொன்னான்? பாத்துட்டேன்னு எங்க சொன்னான்?" திரையைப் பார்த்தேன். இடைவெளி ஒரு மைல்கூட இல்லை. மீண்டும் சொன்னேன். இந்த முறை பயிற்சியாளரின் குரல் குறுக்கிட்டது: இடதுபக்கம் திரும்புகிறேன், இப்போது தெரிகிறது, மிக அருகில்.

நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். "எம் பேர இஸ்துனு வராதீங்க மேடம். உங்களாண்ட குடுத்த பொறவு நான் ஸ்ட்ரிப்ப தொடவே கூடாது, கேள்வி கேட்பாங்க" என்றார் அண்ணன். அதனால் "உடனே கவனித்து மறுபடி எச்சரித்தேன்" என்று எழுதினேன். முன்னால் நேராக்கியதை எழுதவில்லை. என் விழிப்பைப் பாராட்டி மேற்பார்வையாளர் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். அந்த ஆண்டு அண்ணனின் பதவி உயர்வு தள்ளிப்போனது. இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் பெயர் அந்தத் தாளில் இருந்திருந்தால்? அவர் கேட்டுக்கொண்டதால் மறைத்தேனா, எனக்கு வசதியாக இருந்ததால் மறைத்தேனா? பல முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொரு பதில் வருகிறது. கணினித் திரைகள் வந்து காகிதம் போன நாளில், அண்ணன் இந்தச் சட்டத்தை என் கையில் கொடுத்து, "சாய்க்கறத வுட்டுடாதீங்க" என்று சிரித்தார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்.

வேனின் ஹாரன் கேட்கிறது. மகள் படியேறி வந்து, "குமணன்சாவடில செம டிராஃபிக்மா" என்கிறாள். சட்டத்தை நேராக்கக் கையை நீட்டுகிறேன். அவள் வந்துவிட்டாள், கண்ணால் பார்த்துவிட்டேன். அந்த அறிக்கை மட்டும் நான் எழுதியபடியே கோப்பில் இருக்கிறது. கையை இழுத்துக்கொண்டு, கைப்பேசியில் அண்ணனின் எண்ணைத் தேடுகிறேன். சட்டம் சாய்ந்தே இருக்கிறது.