சித்தியின் உடைந்த கற்கள்

எங்கள் வீட்டில் கல்லைப் படிக்கத் தெரிந்தவள் சித்தி ஒருத்திதான். அம்மாவின் தங்கை, யுரேனியம் தேடுகிற ஆபீசில் வேலை. குஷாய்குடாவில் எங்களோடுதான் இருந்தாள். பாதி மாதம் ஏதோ ஓர் ஊர்ப் பாறைக்காட்டில் கூடாரம், மீதி மாதம் எங்கள் வீட்டு சோபா. தெருவில் வேறு யாருடைய சித்திக்கும் கூடாரம் கிடையாது. எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. கூடவே பயமும். பாம்பு கடித்தால்? பாறை உருண்டால்? நான் அப்படித்தான், இப்போதும்.

ஒருமுறை, அவள் குறித்துக்கொடுத்த இடத்தில் போட்ட துளையை நிறுத்திவிடலாமென்று பேச்சு வந்தது. துளை போடுகிறவர் கையை விரித்துவிட்டார். பாறை பொடிந்து வருகிறதாம், விடுகிற தண்ணீரெல்லாம் விரிசலில் போய்விடுகிறதாம், குழாய் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதானாம். பெரிய ஆபீசர் கல்லைப் பார்த்து முடிவு சொல்வார். போதும் என்று சொல்லிவிட்டால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். சித்தி வெயிலில் அலைந்ததெல்லாம் வீண். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கு லீவு. ஆபீசர் கல்லைப் பார்க்க வருகிற அன்றைக்கு, அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

தகரக் கொட்டகையில் பெட்டி பெட்டியாகக் கற்கள். பூமிக்குள்ளிருந்து வந்த வரிசையிலேயே, இடமிருந்து வலமாக, எழுத்து மாதிரி அடுக்கியிருந்தார்கள். கல் கிடைக்காமல் போன இடத்தில் ஒரு மரத்துண்டு. முதல் பெட்டிகளில் கருங்கல் வழவழவென்று உலக்கை உலக்கையாகக் கிடந்தது. கடைசிப் பெட்டியில் மட்டும் துருப்பிடித்த நிறத்தில் ஒரே நொறுங்கல், நடுநடுவே மரத்துண்டுகள்.

ஆபீசர் உள்ளே வந்தார். இதைப் பார்த்தால் சித்தியைத் திட்டுவாரே. பாவாடையை விரித்துக்கொண்டு அந்தப் பெட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு பெட்டியாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார்.

"கொஞ்சம் ஜருகம்மா," என்று கையால் ஒதுங்கச் சொன்னார்.

"நக்கோ." மாட்டேன் என்று எங்கள் தெருப் பேச்சில் சொல்லிவிட்டேன்.

கொட்டகையே சிரித்தது. "ஏட்டி, மானத்த வாங்காத, இங்க வா," என்று சித்தி என்னைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"யாரு மேடம் இந்த செக்யூரிட்டி?"

"அக்கா பொண்ணு சார்."

சித்தி ஒரு கருவியை உலக்கைக் கற்களின்மேல் நகர்த்தினாள். எப்போதாவது ஒரு டிக். நொறுங்கலுக்கு மேல் வந்ததும் தகரத்தில் மழை விழுகிற மாதிரி சடசடவென்று அடித்தது. போச்சு, கருவியே காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். ஆபீசர் அதை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தார். பிறகு துளை போடுகிறவர் பக்கம் திரும்பி, "மேடம் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க," என்றார்.

பஸ்ஸில் சித்தி தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பெட்டி முழுக்க உடைத்துக்கொண்டு வந்தும் ஆபீசர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையே, சின்னப்பிள்ளை நிற்கிறதே என்றுதான் விட்டிருக்கிறார். சித்தியைக் காப்பாற்றியது நான்தான். வகுப்பிலும் அப்படியே சொன்னேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். கெட்டிப் பாறையில் யுரேனியம் தங்காது, விரிசலில்தான் வந்து தங்கும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? நான் பாவாடையால் மூடிக்கொண்டு நின்றது, அவள் ஆபீசருக்குக் காட்டவென்றே அத்தனை தூரம் கொண்டுவந்திருந்த பெட்டியை.