என் கைக்கு அடங்காத மரு

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்து ஆளாக்கியது ஆறு பேரை. நாலு நான் பெற்றது, இரண்டு கொழுந்தனார் பிள்ளைகள். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் மரு எடுப்பதென்றால் ராஜபாளையத்தில் எங்கள் தெருவே என்னிடம்தான் வரும்.

குதிரை வால் முடியை மருவின் அடியில் சுற்றி, தினமும் கொஞ்சம் இறுக்கினால் ஒரு வாரத்தில் காய்ந்து விழும். முடிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அங்கே ஜட்கா வண்டிக்காரர் என்னைக் கண்டதுமே வால் எட்டாதபடி குதிரையைத் திருப்பி நிறுத்திக்கொள்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பிடரியில் ஒன்று முளைத்தது. கட்டினேன், விழுந்தது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் பெரிதாக வந்தது; தொட்டால் ரத்தம். அதில் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்த டாக்டர், புற்றுநோய், மதுரைக்குப் போய் உடனே வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்றார்.

என் வீட்டுக்காரருக்குக் கத்தி என்றால் பயம். "ஒங் கையால ஒரு தடவ போச்சுல்ல, இன்னொரு தடவ கட்டு" என்றார். எனக்கும் பெருமைதான். முடிக்குக் கிளம்பிவிட்டேன்.

மதுரையில் உயிரியல் படித்த கடைசி மகள் அன்று வந்திருந்தாள். வாசலில் மறித்து உட்கார வைத்தாள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இழைகள் உண்டாம். செல் இரண்டாகும்போதெல்லாம் இழையின் நுனி கொஞ்சம் தேயுமாம். மிகவும் தேய்ந்தால் செல் பெருகுவதை நிறுத்திக்கொள்ளுமாம். தேய்ந்த நுனியை டெலோமரேஸ் என்று ஒன்று மறுபடி வளர்த்துவிடும். பெரும்பாலான செல்களில் அது தூங்கும், புற்றுக்கட்டியில் முழித்துக்கொள்ளும். அப்புறம் அந்தச் செல்லுக்கு நிற்கத் தெரியாது.

"அது எதுக்குட்டி நம்ம ஒடம்புல இருக்கு?" என்று கேட்டேன்.

"கருவுல பிள்ள வளரணும்லம்மா. அப்ப அது முழிச்சுத்தான் இருக்கும்."

என் நாலு பிள்ளைகளையும் வளர்த்துத் தந்ததே, வேண்டாத இடத்தில் முழித்துக்கொண்டு இவர் உயிரைக் கேட்கிறது. ஒரு முடியைச் சுற்றி அதை நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போய் அவர் சட்டையை எடுத்து நீட்டினேன். "எந்திரிங்க. இது எங் கைக்கு அடங்காது."

அதுவரை அவரிடம் நான் அப்படித் தோற்றுப் பேசியதில்லை. மதுரை பஸ்ஸில் ஏறினார். என் கையை மட்டும் விடவில்லை.

தாயி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருதடவை வாசித்துக் காட்டு. கொஞ்சம் சத்தமாகவே வாசி. உன் தாத்தாவுக்கு இப்போது காதுதான் மந்தம்.